டெஸ்டர் எரியவில்லை

என் இடது மோதிர விரலைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று இருக்கிறது. பார்ப்பவர்கள் மோதிரம் போட்டுக் கழற்றிய தடம் என்று நினைத்துக்கொள்வார்கள். மோதிரத்தின் தடம்தான், ஆனால் ஆண்டுக்கணக்கில் போட்டிருந்ததால் வந்த தடமல்ல. மாமனார் போட்ட ஒரு பவுன் மோதிரம், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போன தடம். 2003ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் கைக்கு வந்திருந்த மாருதி 800இன் பானெட்டைத் தூக்கிவைத்து, இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மின்சாரம் தெரியாதவன் செய்த தப்பாக இருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. என் அப்பா நாற்பது வருடம் வீட்டு வயரிங் வேலை பார்த்தவர். பள்ளிக்கூட விடுமுறைகளில் ஏணி பிடிக்கவும் பைப் வளைக்கவும் அவருடன் போயிருக்கிறேன். அவருடைய சட்டங்கள் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ரப்பர் செருப்பு இல்லாமல் போர்டைத் தொடாதே. ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மெயினை அணைத்தால் மட்டும் போதாது, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள். நீ மேலே இருக்கும்போது கீழே ஒருவன் வந்து போட்டுவிடுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் செய்தேன். செருப்பு போட்டிருந்தேன். சாவியை உருவிப் பையில் வைத்துக்கொண்டேன். செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் முடுக்கியிருந்த போல்ட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. ஸ்பானரைப் போட்டுத் திருப்பினேன். அரைச் சுற்று வந்திருக்கும். ஸ்பானரின் வால் என் விரலில் அழுந்தி, விரல் இன்ஜினின் இரும்பில் அழுந்தியது. இரண்டுக்கும் நடுவில் மோதிரம்.

வெளிச்சம்தான் முதலில் தெரிந்தது. நீலமும் வெள்ளையுமாக ஒரு வெடிப்பு. வலி பிறகு வந்தது. மோதிரத்தை உடனே கழற்ற முடியவில்லை, தோலோடு ஒட்டியிருந்தது. மனைவி குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பேனா மையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதை வேண்டாம் என்று தடுத்தவளும் அவள்தான். இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் விரலைப் பிடித்துக்கொண்டிருந்ததும், வீக்கம் ஏறுவதற்குள் சோப்பு போட்டு மோதிரத்தை உருவியதும்தான் விரலைக் காப்பாற்றின என்று டாக்டர் பிறகு சொன்னார். மோதிரத்தின் ஒரு பக்கம் அம்மை விழுந்த முகம் மாதிரி குழிவிழுந்து கிடந்தது.

மாலையில் அப்பா வந்தார். கையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தன்னுடைய டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய் பேட்டரியின் பிளஸ் முனையில் வைத்தார். எரியவில்லை. மைனஸில் வைத்தார். எரியவில்லை. வீட்டுக்குள் வந்து பிளக் பாயின்டில் செருகினார். பளிச்சென்று எரிந்தது. மறுபடியும் காருக்குப் போனார். அந்த டெஸ்டர் அவரிடம் பொய் சொல்லியதே கிடையாது. துரோகம் செய்த நண்பனைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டெஸ்டர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அதற்குள் இருக்கும் குட்டி நியான் விளக்கு எரிய ஏறக்குறைய அறுபது, எழுபது வோல்ட்டாவது வேண்டும். காரின் பேட்டரி 12 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 12.6. ‘இந்த இடத்தைத் தொட்டால் உனக்கு ஷாக் அடிக்குமா?’ என்பது ஒன்றுதான் டெஸ்டருக்குத் தெரிந்த கேள்வி. அதற்கு அது சரியாகவே பதில் சொன்னது: அடிக்காது. உலர்ந்த கையால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒருசேரப் பிடித்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாது. தோலின் தடை அத்தனை பெரியது; ஒரு மில்லி ஆம்பியர் ஓடினாலே அதிகம்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்த முனைக்கும் இரும்புக்கும் நடுவில் தோல் இல்லாமல் உலோகம் வந்தால் என்ன ஆகும்? பேட்டரியின் உள்தடை ஓமில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். 12.6ஐ 0.01ஆல் வகுத்துப் பாருங்கள்: ஆயிரம் ஆம்பியரைத் தாண்டுகிறது. ஸ்பானர் தொடும் இடத்தின் தடையும் ஒயரின் தடையும் சேர்ந்து அதைச் சில நூறாகக் குறைக்கலாம். தெருமுனைப் பட்டறையில் கேட் பற்றவைக்க நூறு, நூற்றைம்பது ஆம்பியர் போதும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். என் விரலில் அன்றைக்கு நடந்தது வெல்டிங் வேலை.

அந்தத் தடித்த ஒயருக்கு ஃபியூஸும் கிடையாது. இன்ஜினைச் சுழற்றத் தேவைப்படும் மின்னோட்டம் அத்தனை பெரியது என்பதால் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு நேராக வந்துவிடுகிறது. சாவியை உருவினாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். டைனமோவின் பின்னால் இருக்கும் தடித்த போல்ட்டும் அப்படித்தான். ரிலே எனப்படும், மின்சாரத்தாலேயே இயங்கும் குட்டி சுவிட்ச் பெட்டிகளின் அடியில் சிறியதாக எண்கள் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 30, 85, 86, 87. ஜெர்மன்காரர்கள் வகுத்த எண் முறை அது. அந்த முறையில் 15 என்றால் சாவி போட்டால் வரும் மின்சாரம், 31 என்றால் பாடி எர்த். 30 என்றால் எப்போதும் இருப்பது. சாவி என்பது வீட்டு மெயின் அல்ல. அறைக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான்.

வீட்டில் போவதற்கு ஒரு கம்பி, திரும்புவதற்கு ஒரு கம்பி. காரில் போவதற்கு மட்டும்தான் கம்பி. திரும்பும் வழி காரேதான்: இன்ஜின், சேஸிஸ், கதவு, சீட் ரெயில், கண்ணில் படும் இரும்பு அத்தனையும் மைனஸ். ரப்பர் செருப்பும் மரப்பலகையும் இங்கே எதற்கும் உதவாது. நம் கால் வழியாக எதுவும் போகப்போவதில்லை. கையில் பிடித்திருக்கும் ஸ்பானர்தான் கம்பி.

இது புரிந்தால் ‘முதலில் மைனஸைக் கழற்று’ என்று மெக்கானிக்குகள் சொல்வதன் காரணமும் தானாகப் புரிந்துவிடும். பிளஸ் முனையைப் பத்தாம் நம்பர் ஸ்பானரால் கழற்றும்போது அதன் மறுமுனை பாடியில் எங்கு பட்டாலும் ஷார்ட். மைனஸைக் கழற்றும்போது பாடியில் பட்டால்? மைனஸ் மைனஸைத் தொடுகிறது, ஒன்றும் நடக்காது. மைனஸ் போய்விட்ட பிறகு பிளஸில் ஸ்பானர் எங்கே இடித்தாலும் கவலையில்லை, திரும்பும் வழி அறுந்துவிட்டது. மாட்டும்போது தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். ‘எப்போதும் மைனஸ்’ என்று மந்திரமாக மட்டும் பிடித்துக்கொண்டால் ஒருநாள் ஏமாறுவீர்கள். மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பிளஸ்தான் பாடியில் கட்டியிருக்கும். அங்கே பிளஸ் முதலில் வர வேண்டும். பாடியோடு சேர்ந்திருக்கும் முனை எதுவோ அது முதலில்.

கழற்றிய முனையை அப்படியே விட்டுவிடவும் கூடாது. பேட்டரி ஒயர்கள் தடிமனானவை, வளைத்த வளைவுக்குத் திரும்பிவரும் குணமுடையவை. நாம் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது மெல்ல நகர்ந்து வந்து பேட்டரியைத் தொட்டுவிடும். பழைய துணியைச் சுற்றி ஓரமாகச் செருகிவைக்க வேண்டும். மோதிரம், ஸ்டீல் செயின் போட்ட கடிகாரம், வெள்ளிக் காப்பு எல்லாம் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கழற்றப்பட வேண்டும். கழுத்துச் சங்கிலியைப் பலர் மறந்துவிடுவார்கள், குனியும்போது அதுதான் முதலில் தொங்கும். அப்போதுதான் ஓடி நின்ற, அல்லது சார்ஜரிலிருந்து இறக்கிய பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே பற்றக்கூடிய வாயு அது. ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்துக்கு வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் பட்டறையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வேறு சில விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சூடாக இருந்தால் ரேடியேட்டர் ஃபேன் சாவி இல்லாமலே சுற்ற ஆரம்பிக்கும் வண்டிகள் உண்டு. அங்கே விரலை வைக்காதீர்கள். செனான் வகை முகப்பு விளக்கு பற்றிக்கொள்ளும் கணத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுகிறது; பல்பு மாற்றுகிறேன் என்று விளக்கைப் போட்டுவைத்துக்கொண்டு தொட வேண்டாம். டிக்கியில் பேட்டரி இருக்கும் கார்களில் மைனஸைக் கழற்றிவிட்டு டிக்கியைச் சாத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்பூட்டு என்றால் டிக்கி இனி திறக்காது. இதனால் காயம் ஒன்றுமில்லை, மானம்தான் போகும்.

இவ்வளவும் எனக்கு 2003இலிருந்து மெல்ல மெல்லத் தெரிந்தவை. அப்பாவின் பள்ளிக்கூடம் கார் வரைக்கும் வராது என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையின் மேல் கொட்டிய மழையை இங்கே இருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இப்போது வைத்திருக்கும் செடானின் கதவு விளிம்பைத் தாண்டித் தண்ணீர் ஏறியபோது தெருவில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு மகன் நிற்க, தண்ணீரில் நின்றபடியே மைனஸைக் கழற்றினேன். அந்தக் காருக்கு அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். இரண்டாவது நல்ல காரியம், தண்ணீர் வடிந்த பிறகும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைப் போடாமல் இருந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருகலில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

தண்ணீர் இன்ஜினை எட்டவில்லை. கார்பெட்டைத்தான் ஊறவைத்திருந்தது. கார் கார்பெட்டின் அடியில் இரண்டு விரற்கடை தடிமனில் ஃபோம் இருக்கும். குடித்த தண்ணீரை அது லேசில் விடாது. கார்பெட்டை வெளியே எடுக்க சீட்டுகளைக் கழற்றியாக வேண்டும். டிரைவர் சீட் மோட்டாரால் நகரும் பவர் சீட். பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள சீட்.

இதில் உள்ள சிக்கல் கழற்றியவர்களுக்குத்தான் தெரியும். சீட்டின் முன் போல்ட்டுகள் தெரிய சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ள வேண்டும், பின் போல்ட்டுகள் தெரிய முன்னால் கொண்டுவர வேண்டும். தள்ளுவதற்கு மின்சாரம் வேண்டும். கழற்றுவதற்கோ மின்சாரம் இருக்கக் கூடாது. அவசரக்காரர் பேட்டரியைக் கழற்றிவிட்டு வந்து சீட்டுக்குப் பின்னால் குனிந்து பார்ப்பார், போல்ட்டுகள் ரெயிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும்.

எனக்குக் கூடுதல் சங்கடம், நனைந்த வண்டி. நனைந்த ஒயரிங்குக்கு மின்சாரம் கொடுப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. நான்கு நாட்கள் நான்கு கதவுகளையும் திறந்துபோட்டு, மேசை ஃபேனை உள்ளே திருப்பிவைத்துக் காயவிட்டோம். சீட்டுக்கு அடியில் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈரம் இல்லை, களிம்பேறிப் பச்சை பூக்கவும் இல்லை. பிறகும் மைனஸை நேராக மாட்டத் துணிவில்லை. பேட்டரிக்கும் கழற்றிய முனைக்கும் நடுவில் 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு ஒயரைக் கோத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் ஐந்து ரூபாய் ஃபியூஸோடு போகட்டும். சாவி வீட்டுக்குள் இருந்தது. எங்கள் வண்டியில் டிரைவர் சீட் சாவி இல்லாமலே நகரும். சீட்டை முன்னால் கொண்டுவந்து பின் போல்ட்டுகள் இரண்டையும் எடுத்தேன்; பின்னால் தள்ளி முன் போல்ட்டுகள் இரண்டையும் எடுத்தேன்; நடுவில் நிறுத்தினேன். ஃபியூஸ் ஒயரை உருவினேன்.

அதன் பிறகு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு இப்போது வயது 78. வாசல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய்?” என்று கேட்டார்.

“பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் அப்பா.”

“பேட்டரியைத்தான் கழற்றிவிட்டாயே?”

மஞ்சள் கப்ளரைக் காட்டினேன். காரில் மஞ்சள் நிறக் கப்ளரைப் பார்த்தால் அது ஏர்பேக்குக்கோ சீட் பெல்ட்டை வெடித்து இறுக்கும் கருவிக்கோ போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். விபத்தில் முதலில் நசுங்குவது காரின் முன்பக்கம். பேட்டரி இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பேட்டரி அறுந்துபோன பிறகும் ஏர்பேக் விரிந்தாக வேண்டும். அதனால் ஏர்பேக்கை இயக்கும் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்துவைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் அது உடனே போகாது. ஒன்றரை நிமிடம் காத்திரு என்கிறது ஒரு கம்பெனியின் கையேடு. மூன்று நிமிடம் என்கிறது இன்னொன்று, பத்து என்பவர்களும் உண்டு. நம் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதற்குக் குறையாமல் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

பாதி சொல்லியிருப்பேன். “கண்டென்சர்” என்றார் அப்பா.

எழுந்து வந்து காருக்குள் எட்டிப்பார்த்தார். “ஃபேன் கண்டென்சர் மாதிரி. சுவிட்சை அணைத்துவிட்டு, ஏணியில் ஏறி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவோம். ஆனாலும் அடிக்கும். கண்டென்சரில் மிச்சம் இருக்கும். நீ சின்னப் பையனாக இருந்தபோது ஏணியிலிருந்து விழுந்தேனே, அது கரண்ட் அடித்து இல்லை, கண்டென்சர் அடித்து. பழைய டிவி பெட்டியின் பின்பக்கம் இன்னும் மோசம்.” பிறகு அக்கறையோடு கேட்டார். “ஸ்க்ரூடிரைவரை வைத்து இரண்டு காலையும் ஷார்ட் பண்ணிவிடேன். டப் என்று ஒரு சத்தம், முடிந்தது.”

எனக்கு ஒரு கணம் வயிறு கலங்கியது. அவர் சொன்னது ஃபேனுக்குச் சரி. இங்கே கையெட்டும் இடத்தில் இருப்பது கண்டென்சர் அல்ல, திரி. மஞ்சள் ஒயரின் மறுமுனையில் இரண்டு ஓம் அளவு தடையுள்ள ஒரு மெல்லிய கம்பி, சிறிதளவு வெடிமருந்துக்குள் புதைந்திருக்கிறது. அதில் 1.2 ஆம்பியர் இரண்டு மில்லி நொடி ஓடினால் பற்றிக்கொள்ளும். கார் பேட்டரிக்கு முன்னால் 1.2 ஆம்பியர் என்பது ஏரியில் ஒரு கை தண்ணீர். ஸ்டியரிங்கில் இருக்கும் ஏர்பேக் முழுதாக விரிய ஏறத்தாழ 30 மில்லி நொடிதான் ஆகிறது, பக்கவாட்டு ஏர்பேக் அதைவிடவும் வேகம். முகத்தை அருகில் வைத்து வேலை செய்கிறவன் இமை மூடக்கூட நேரம் இருக்காது. மல்டிமீட்டரை வைத்து அந்தத் திரியின் தடையை அளக்கக் கூடாது என்று கையேடுகள் தடித்த எழுத்தில் அச்சடிப்பதும் இதற்காகத்தான். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் பெரும்பாலும் மிகச் சிறியது. ஆனால் உங்கள் மீட்டர் எந்த நிலையில் திருகிக் கிடக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாதல்லவா?

அப்பா ஒன்றும் சொல்லாமல் தன் எச்.எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு நிமிடம் ஆயிற்று” என்று திண்ணையில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து காத்திருக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

மிச்சம் ஆறு நிமிடத்தில் பேச்சு எதிர் வீட்டு எலக்ட்ரிக் காருக்குப் போனது. அதுவும் தண்ணீரில் நின்றது. கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து, கையில் தடித்த ரப்பர் உறையைப் போட்டுக்கொண்டு, எதையும் திறக்காமல் அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தனை பயமா என்று அப்பாவுக்கு ஆச்சரியம். டாடாவின் நெக்ஸான் எலக்ட்ரிக் கார் 2020இல் வந்தபோதே அதன் பேட்டரி 320 வோல்ட் என்றேன். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா ப்ரியஸ் போன்ற ஹைப்ரிட்டில் பேட்டரி 200 வோல்ட் சொச்சம்தான். மோட்டாருக்குப் போகும் வழியில் அதை 500, 650 என்று ஏற்றிவிடுகிறார்கள். நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே சர்வதேச விதிகள் அதை ஆபத்தான வகையில் சேர்க்கின்றன. அந்த ஒயர்கள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

“அங்கே டெஸ்டர் எரியுமா?” இந்தக் கேள்விக்காக இருபது வருடமாகக் காத்திருந்தவர்போலக் கேட்டார்.

எரியாமலே போகலாம். அதுதான் அந்தக் கார்களின் விசேஷம். 12 வோல்ட் மைனஸைப் போல அந்த உயர்மின்சாரத்தின் எந்த முனையும் பாடியோடு சேர்க்கப்படவில்லை; இரண்டுமே தனியாக மிதக்கின்றன. டெஸ்டர் எரிய நம் உடல் வழியாகத் தரைக்கு ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையே அங்கே இல்லை. ஒரு முனையைத் தொட்டால் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தொட்டவன் அதைச் சொல்ல இருக்கமாட்டான். அப்பாவின் டெஸ்டர் காரில் இரண்டு இடங்களில், இரண்டு வேறு காரணங்களுக்காக மௌனம் சாதிக்கும். அந்த வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றினால் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்கள் திறந்து இணைப்பை அறுத்துவிடும், சர்வீஸ் பிளக் என்று ஒன்றை உருவ வேண்டும், மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டரில் தேங்கியது வடிய அங்கேயும் சில நிமிடம் காக்க வேண்டும் என்பது வரை எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து ஆரஞ்சு ஒயரில் கை வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அதற்கு 1,000 வோல்ட் தாங்கும் கையுறையும் முறையான பயிற்சியும் வேண்டும். சாதாரணப் பெட்ரோல் கார்தானே என்று நினைத்து முன் சீட்டைத் தூக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்ஜினுக்குச் சின்ன மோட்டார் ஒன்று துணைசெய்யும் மைல்டு ஹைப்ரிட் கார்கள் சிலவற்றில் சீட்டுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி இருக்கும். பானெட்டுக்குள் இருப்பதை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

“பத்து” என்றார் அப்பா.

கதவுச் சட்டத்தின் இரும்பைத் தொட்டுவிட்டு, கையிலிருக்கும் நிலைமின்சாரம் போகட்டும் என்று, சீட்டைப் பின்னால் சாய்த்தேன். அடியில் நான்கு கப்ளர்கள். மோட்டாருக்கு வெள்ளை, பெல்ட் சுவிட்சுக்குக் கருப்பு, மஞ்சள் இரண்டு. மஞ்சளில் பூட்டுக்கு மேல் பூட்டு: சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் இழுத்து, பிறகு காதை அமுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ‘டிக்’ என்று வந்தது. சீட் பக்கத்துக் கப்ளரின் வாய்க்குள் டார்ச் அடித்தேன். அப்பாவும் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு குனிந்தார். இரண்டு பின்களுக்குக் குறுக்கே, நெல்மணியின் உமி அளவுக்கு, வளைந்த ஒரு பித்தளைத் தகடு. கப்ளர் மாட்டியிருக்கும்போது பிளாஸ்டிக் நாக்கு ஒன்று அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். கப்ளரைக் கழற்றிய கணமே தகடு கீழே இறங்கி இரண்டு பின்களையும் சேர்த்துவிடும். எங்கிருந்தாவது வழிதவறி வரும் மின்சாரம் திரி வழியாகப் போகாமல் அந்தத் தகடு வழியாகப் போய்விடும்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். “நான் சொன்ன ஸ்க்ரூடிரைவரை அவன் உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறான்” என்றார்.

நான் அதுவரை அப்படி யோசித்ததில்லை. சரிதான். தொடக் கூடாத நேரத்தில் அவர் சொன்ன வேலையை, சரியான நேரத்தில் அந்தத் தகடு செய்கிறது. மகன் கால் பக்கம் பிடிக்க, ஏர்பேக் இருக்கும் பக்கம் யார் நெஞ்சுக்கும் நேராக வராமல் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தோம். தனியாகக் கழற்றிய ஏர்பேக்காக இருந்தால் மூடி மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால், வெடிக்கும்போது மேலே பறப்பது அதன் இரும்புப் பெட்டிதான்.

கார்பெட் மொட்டைமாடியில் ஒரு வாரம் காய்ந்தது. அந்த இடைவெளியில் புதுப்பேட்டைக்குப் போனேன். பின்சீட்டு பக்கத்தில் ஒரு கப்ளர் பச்சை பூத்துப்போயிருந்தது. பழைய உதிரி பாகங்கள் மலையாகக் குவிந்த கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் தலை நிமிராமலே, “என்ன கலர்?” என்று கேட்டார். கருப்பு என்றதும் ஒரு டப்பாவைத் தள்ளினார். “மஞ்சள் என்றால் கொடுத்திருக்க மாட்டேன் தம்பி” என்றார்.

எல்லாம் ஒழுங்காகப் போனது என்று எழுதினால் பொய். ஐந்தாம் நாள் உள்ளே வாடை அடிக்கிறது, கண்ணாடியை இறக்கிவிடலாம் என்று மகன் நல்லெண்ணத்தோடு பேட்டரியை மாட்டிச் சாவியைப் போட்டுவிட்டான். சீட்டின் மஞ்சள் கப்ளர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. ஏர்பேக் பெட்டி தன் ஆட்களை எண்ணிப் பார்த்தது, இருவரைக் காணோம். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. இப்படிப் பெட்டியில் பதிவாகிவிட்ட பிழைக் குறிப்பு, கப்ளரைத் திரும்ப மாட்டினாலும் பல வண்டிகளில் தானாக அழியாது. அதை ஸ்கேனர் போட்டுத்தான் அழிக்க வேண்டும்.

அப்பா மகனை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் திரும்பி, “ஃபியூஸ் கட்டை எங்கே இருந்தது?” என்று கேட்டார். சாவி என் பையில் இல்லை. வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் மாட்டினோம். பேட்டரி கழன்றிருக்கிறது, பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று இருமுறை பார்த்த பிறகுதான் மஞ்சள் கப்ளர்கள் உள்ளே போயின. பூட்டுக்கு மேல் பூட்டு. கடைசியாக மைனஸ். முனை பேட்டரியைத் தொடும்போது சின்னதாக ஒரு பொறி. நான் வாயைத் திறப்பதற்குள், “கண்டென்சர் நிறைகிறது” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளெல்லாம் ஒரே மடக்கில் குடிக்கும் முதல் மிடறு அது.

மாலையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகினார். இரண்டு குறிப்புகளையும் அழித்தார். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கண்ணாடிகளை ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றிப் பிடித்துக்கொண்டிருங்கள், அப்போதுதான் தானியங்கி ஏற்றம் திரும்ப வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். சாவியைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு வரை எண்ணினேன். அணைந்தது.

அப்பா பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். டாஷ்போர்டு கடிகாரம் 12:00 என்று மினுக்கிக்கொண்டிருந்தது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஐந்து நாற்பத்திரண்டு, வை” என்றார்.